கலையாத மை

வள்ளுவரின் காதலி ஒருத்தி கண்ணுக்கு மை தீட்ட மறுக்கிறாள். காதலன் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறான், மை எழுதினால் அந்த நேரம் அவன் மறைந்துபோவானே என்பது அவள் சொல்லும் காரணம். 1127ஆம் குறள். காதலை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அதில் வரும் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். அவள் மை 'பூசவில்லை', 'போடவில்லை', 'எழுதேம்' என்கிறாள். பழந்தமிழில் கண் என்பது எழுதப்படும் இடம். மை தீட்டிய கண்ணுக்கு 'உண்கண்' என்று பெயர். மையை உண்ட கண். எழுதிய மை வழிந்திருந்தால் அவள் அழுதிருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதாவது கலைந்த மை ஒரு சேதி.

இன்று மஸ்காரா வாங்கப்போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வியே வேறு: "கலையாம நிக்குமா?" சேதியாக இருந்தது எப்போது குறையாக மாறியது? இதைக் கேட்பதற்குக் கேமரன் மலை நல்ல இடம். அங்கே பனிமூட்டம் காலையிலேயே முகத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து மேலே ஏறும் சாலை திறந்தது. காட்டை அழித்தது, செடி நட்டது, கொழுந்து பறித்தது எல்லாவற்றிலும் தமிழர் உழைப்பு இருந்தது. விடியுமுன் பெரட்டு, பிறகு முதுகில் கூடையோடு ஈரச் செடிகளுக்கு நடுவே நாள் முழுக்க வேலை. 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் முக்கியப் பகுதிகளுக்கு வகுத்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தோட்டத்துக் கணக்கில் கொழுந்தின் எடை உண்டு, வேலைக்கு வந்த நாள் உண்டு. திருவிழாவுக்கு அவள் எப்படிக் கண்ணெழுதினாள் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. ஆகவே அலங்காரத்தின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் லண்டன், சிகாகோ, வியன்னாவிலிருந்தே தொடங்குகிறது.

ஆனால் அந்தப் பெண்கள் கப்பலேறி வந்த ஊர்களில் மை கடையில் வாங்கும் பொருளே அல்ல. வீட்டில் 'எடுப்பது'. வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைப்பார்கள். அதைத் திரியாகத் திரித்து விளக்கெண்ணெயில் ஏற்றி, மேலே செம்புத்தட்டையோ மண்சட்டியையோ கவிழ்த்துவைப்பார்கள். விடிந்ததும் தட்டில் படிந்த கரியைச் சுரண்டி, விளக்கெண்ணெயோ நெய்யோ விட்டுக் குழைத்தால் மை தயார்.

இந்தச் செய்முறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். கரி தண்ணீரில் கரையாது. விளக்கெண்ணெயும் தண்ணீரில் கரையாது. அப்படியென்றால் பாட்டிமார் எடுத்த மை பிறவியிலேயே 'வாட்டர்ப்ரூஃப்'. மலையின் பனியும் தூறலும் அதை லேசில் கழுவிவிடாது. அதன் பகை எண்ணெய்தான். எண்ணெயில் குழைந்தது தோலின் எண்ணெயோடு சேர்ந்து நகரும். அதனால்தான் மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே நிழலாக இறங்கிவிடுகிறது.

சிகாகோவில் கதை தலைகீழ். டாம் லைல் வில்லியம்ஸ் தன் அக்கா மேபல் வேசலினில் கரித்தூளைக் குழைத்து இமையில் தடவுவதைப் பார்த்தார். நம் மையின் ஒன்றுவிட்ட தங்கை என்று அதைச் சொல்லலாம். 1915இல் அவர் தொடங்கிய நிறுவனம் மேபலின். 1917இல் வந்த அவர்களுடைய கட்டி மஸ்காராவில் எண்ணெயின் இடத்தைச் சோப்பு பிடித்தது. ஈரத் தூரிகையால் தேய்த்து இமைமுடியில் பூசவேண்டும். சோப்பு என்பதால் ஒரு சொட்டுக் கண்ணீர் போதும், கன்னம்வரை கறுப்பு ஓடிவிடும். இதைத் தீர்த்தவர் வியன்னாவின் பாடகி ஹெலன் வின்டர்ஸ்டைன்-காம்பர்ஸ்கி. மேடையில் வியர்வைக்கும் கண்ணீருக்கும் அசையாத மஸ்காராவுக்கு 1935இல் காப்புரிமை வாங்கினார்.

நிலைத்து நிற்கவேண்டும் என்ற ஆசைக்குக் கொடுத்த விலையும் உண்டு. 1933 வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. 1938இல் அங்கே அழகுப்பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததற்கு அது ஒரு காரணம். நம் பக்கமும் எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. சில சுர்மாக்களில் ஈயம் இருக்கிறது. குழந்தையின் கண்ணுக்குள் மை வைக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது சும்மா இல்லை.

இந்த வரலாறு தெரிந்தால் கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் மாறும். 'வாட்டர்ப்ரூஃப்' வேறு, 'ஸ்மட்ஜ்ப்ரூஃப்' வேறு. முதலாவது தண்ணீரைத் தாங்கும். இரண்டாவது எண்ணெயையும் உரசலையும் தாங்கவேண்டும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது; அங்கே குளிரும் ஈரமும் அதிகம், முகத்தில் எண்ணெய் குறைவு. மெழுகு சேர்ந்த வாட்டர்ப்ரூஃப் அங்கே போதும். அதே முகத்தோடு தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கினால் வெயிலில் தோல் எண்ணெய் விட ஆரம்பிக்கும், மெழுகு இளகும். அதற்கு ஒவ்வொரு முடியையும் குழாய்போலச் சுற்றிப் படியும் 'டியூபிங்' வகை நல்லது. வெந்நீர் பட்டால் மட்டும் உறைபோலக் கழன்று வரும். எதை வாங்கினாலும் முதலில் இமையோரத்து எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய பூச்சாகப் போடுங்க. மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குப்பியை வைத்திருக்க வேண்டாம், கிருமி சேரும்.

கலையாத மை யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. வியன்னாப் பாடகிக்கு அழுது நடிக்கவேண்டும், அழுத தடம் தெரியக்கூடாது. இன்று விடுதி வரவேற்பு மேசையிலும் சுற்றுலாக் கடையிலும் நிற்கிற பெண்ணுக்கும் அதே நிபந்தனைதான்: எட்டு மணி நேரம் நின்ற களைப்பு முகத்தில் தெரியக்கூடாது. கொழுந்து பறித்தவளிடம் தோட்டம் கேட்டது கைகளை. இவளிடம் வேலை முகத்தையும் சேர்த்துக் கேட்கிறது.

அதற்காகப் பழையதைப் புகழவும் முடியாது. கணவன் இறந்தால் பூவோடும் பொட்டோடும் மையையும் பறித்த சமூகம் நம்முடையது. கலைந்த மை துக்கத்தைச் சொல்லியது என்றால், மை இல்லாத கண் தண்டனையைச் சொல்லியது. ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு மை எழுதிக்கொள்வதும், அது தான் விரும்பும்வரை நிற்கவேண்டும் என்று கேட்பதும் அந்தப் பின்னணியில் சின்ன விஷயம் இல்லை. அவளுக்காக இன்னொருவர் அதை அழிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா எதற்கு இளகும் தெரியுமா? எண்ணெய்க்கு. பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மூடிய இமைமேல் கொஞ்ச நேரம் வைத்து, மெதுவாகத் துடைத்தால் போதும், வந்துவிடும்.