துப்பு

குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் பேச்சில் ‘க்ளூ’ நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் நூலுண்டை. கிரேக்கக் கதையில் தீசியஸ் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சுழல்வழி மாளிகையிலிருந்து வெளியேறினான். வழிகாட்டும் தடயம் என்ற பொருள் அப்படி வந்தது. நம்மிடம் துப்பு இருக்கிறது. போலீஸ்காரர் சொல் என்று அதைச் சிலர் ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. வான்சிறப்பில் உணவையும் பகைமாட்சியில் வலிமையையும் வள்ளுவர் இச்சொல்லால் குறிக்கிறார். பழந்தமிழில் பவளத்துக்கும் இதுவே பெயர். ‘துப்புக் கெட்டவன்’ என்று திட்டும்போது அந்த வலிமைப் பொருள்தான் இன்னும் நம் வாயில் வருகிறது. உளவு, தடயம் என்பவை இன்று முன்னால் நிற்கின்றன, அவ்வளவே. சொன்னதற்கு உள்ளே சொல்லாததை ஒளிக்கும் ‘கிரிப்டிக்’ வகைப் புதிருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ‘பவளத்தை உமிழ் (3)’ என்று ஒரு கட்டத்துக்கு எழுதிப் பாருங்கள். வாயிலிருந்து பவளம் விழுவதாகப் படம் விரியும். அந்தப் படத்தை நம்பினால் விடை வராது. இரண்டு சொல்லையும் பிரித்து வையுங்கள்: பவளம் என்றாலும் துப்பு, உமிழ் என்றாலும் துப்பு. புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதால் மூன்று எழுத்து. நேரடியாகப் பொருள் கேட்கும் சாதாரணப் புதிருக்குக் ‘குறிப்பு’ போதும். மறைத்துக் கேட்பதைத் துப்பு என்றே சொல்லுங்கள், அச்சிலும் அப்படியே போடுங்கள்.