100 மெகாபிக்சல் காட்டுயிர் போட்டோ: ஷேர் பண்ணும் முன் எதை மறைக்கணும்?

கோடம்பாக்கத்துக்கு '70 எம்.எம்.' புது வார்த்தை இல்லை. 1986-ல் ரஜினி நடித்த 'மாவீரன்' 70 எம்.எம். படமாக வந்தது. ஃபிலிம் பெரிசானால் விவரமும் கூடும். மீடியம் ஃபார்மேட் டிஜிட்டல் கேமராவிலும் இதே கணக்குதான். ஆனால் கிண்டியிலோ பள்ளிக்கரணையிலோ எடுத்த படத்தை ஷேர் செய்யும்போது, அந்தக் கூடுதல் விவரமே விலங்குக்கு ஆபத்தாகலாம். எப்படி?

மீடியம் ஃபார்மேட்னா என்ன?

ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36x24 மி.மீ. ஃபியூஜிஃபிலிம் ஜி.எஃப்.எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசை கேமராக்களில் அது சுமார் 44x33 மி.மீ. பரப்பளவில் சுமார் 1.7 மடங்கு. ஜி.எஃப்.எக்ஸ் 100 மெகாபிக்சல் மாடலில் ஒரு படம் 11,648x8,736 பிக்சல். 300 டிபிஐ-யில் பிரின்ட் போட்டால் ஏறத்தாழ 39x29 இன்ச் வரும்.

சென்னைக்கு இது பழைய பாடம். மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன் (1912-1996), பல பாகங்களைச் சேர்த்து அமைத்த பெரிய ஃபிலிம் கேமராவில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அந்தக் கேமராவுக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'.

பறவைக்கு ஏன் கஷ்டம்?

நீளமான லென்ஸ்கள் குறைவு. ஜி.எஃப்.எக்ஸ் வரிசைக்கு 500 எம்.எம். லென்ஸ் வந்ததே 2024-ல்தான். ஃபுல் ஃபிரேம் கணக்கில் அது சுமார் 400 எம்.எம்.தான். அதனால் விலங்கை மட்டும் நெருக்கமாக எடுக்காமல், அது வாழும் இடத்தோடு சேர்த்து எடுப்பதுதான் இந்தக் கேமராவுக்குப் பொருத்தம்.

மொபைலில் தரம் என்ன ஆகும்?

இன்ஸ்டாகிராமில் 1080x1350 அளவில் போட்டால், 100 மெகாபிக்சலில் 1.5 சதவீதம்கூட மிஞ்சாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலும் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். நிறம் மங்காமல் இருக்க, எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்தில் ஜேபெக் ஆக எக்ஸ்போர்ட் செய்வது நல்லது.

சிக்கல் எங்கே?

கேமராவை மொபைல் ஆப்புடன் இணைத்திருந்தால், எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். விவரமும் ஃபைலில் பதிவாகலாம். டாக்குமென்ட் ஆக அனுப்பும்போது அதுவும் சேர்ந்தே போகும். அதை நீக்கினாலும் பின்னணி பேசும். 100 மெகாபிக்சல் படத்தை ஜூம் செய்தால் தூரத்து டவர், மைல்கல், மலை முகடு எல்லாம் தெளிவாகத் தெரியும்.

கிண்டி தேசியப் பூங்காவில் நட்சத்திர ஆமைகள் இருக்கின்றன. இவை வளர்ப்புக்காகக் கடத்தப்படுபவை. சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. 2019-ல் சர்வதேச வணிகத்துக்குத் தடை உள்ள 'சைட்டிஸ்' முதல் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன. இப்படிப்பட்ட உயிரினத்தின் இடம் வெளியே போனால் லைக் போடுபவர் மட்டுமல்ல, பிடிக்க வருபவரும் பார்ப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவைகளின் முட்டை, கூடுகளைத் தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற வரையறைக்குள் வருகிறது. நல்ல ஃபிரேமுக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்குவதும் வம்பாகலாம்.

ஷேர் செய்யும் முன் கவனிக்க

* எக்ஸ்போர்ட் செய்யும்போது லொகேஷன் விவரத்தை நீக்கவும். லைட்ரூமில் இதற்கு ஆப்ஷன் உண்டு.
* அரிய உயிரினம் என்றால் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளவும்.
* இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பின்னணியை கிராப் செய்யவும்.
* ஒரிஜினல் ஃபைலை நம்பகமான ஆய்வாளருக்கோ வனத்துறைக்கோ மட்டும் கொடுக்கவும்.
* பதிவு செய்ய 'ஐநேச்சுரலிஸ்ட்' பயன்படுத்தலாம். அழியும் நிலையில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அது பொதுப் பார்வைக்கு மறைத்து, தோராயமான பரப்பை மட்டுமே காட்டும்.