சுபேதார் சுப்பிரமணியன்

சுபேதார் சுப்பிரமணியன் (1912–1944) இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் உயிர்நீத்த தமிழ்ப் படைவீரர். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஓட்டிவாக்கத்தில் பிறந்தவர். மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையின் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் பணியாற்றினார். தன்னுடன் வந்த வீரர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர்விட்ட இவருக்கு, மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. பழைய எம்பயர் கேலன்ட்ரி பதக்கத்தைக் கொடுத்து இவ்விருதுக்கு மாற்றிக்கொண்டவர்களை நீக்கிப் பார்த்தால், அதைப் பெற்ற முதல் இந்தியர் இவரே.

இவரை அறிய வேண்டுமானால் இவருடைய படையை முதலில் அறிய வேண்டும். 1780இல் சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ், 1834இல் பெங்களூருக்கு இடம் மாறியது. அல்சூர் ஏரியை ஒட்டியுள்ள இன்றைய மதராஸ் இன்ஜினியர் குரூப்பின் முன்னோடி அதுதான். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, தடையைத் தகர்ப்பது, கண்ணி அகற்றுவது ஆகியவை சாப்பரின் வேலைகள். முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகள் பயன்படுத்திய ‘பெங்களூர் டார்ப்பிடோ’ இந்தப் படையின் அதிகாரி மெக்கிளின்டாக் 1912இல் உருவாக்கியது. இப்படையின் வீரர்களை இன்றும் ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள்.

‘போர்க்குடி’ என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்ட ஆங்கிலேய ஆட்சி, தென்னாட்டார் சண்டைக்கு ஆகாதவர்கள் என்று முடிவுகட்டி, மதராஸ் காலாட்படையைப் படிப்படியாகக் கலைத்தது. 1941இல்தான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உருவானது. இடைப்பட்ட காலத்திலும் கலைக்கப்படாமல் நின்றது சாப்பர்ஸ். துப்பாக்கி பிடிக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட மண்ணிலிருந்து, மண்வெட்டியும் வெடிமருந்தும் ஏந்தி எல்லோருக்கும் முன்னால் நடக்க ஆட்களை எடுத்தார்கள். வரலாற்றில் இது நியாயமாகப் பதிவாக வேண்டிய செய்தி.

கீழிருந்து வரிசைப்படி உயர்ந்தால் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், ஜமேதார், அதற்கு மேல்தான் சுப்பிரமணியன் வகித்த சுபேதார் பதவி. வெள்ளை அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் நடுவில் நிற்கும் அந்தப் பதவியில், வேலையும் தெரிந்திருக்க வேண்டும், ஆட்களின் மனமும் தெரிந்திருக்க வேண்டும்.

இவருடைய கம்பெனி இந்திய 4ஆவது டிவிஷனைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் போரிட்ட அந்த டிவிஷன் 1943 இறுதியில் இத்தாலிக்கு வந்தது. 1944 பிப்ரவரி 15 அன்று மான்டே கசினோ மடாலயம் விமானக் குண்டுகளால் தரைமட்டமானது. அதைத் தொடர்ந்து நேச நாட்டுப் படைகள் நடத்திய தாக்குதல் மூன்றே நாளில் தோற்றது. அடுத்த தாக்குதல் பிப்ரவரி 24 அன்று நடப்பதாக இருந்தது. மழை விடாமல் கொட்டியதால் மார்ச் 15 வரை தள்ளிப்போனது.

அந்தப் பிப்ரவரி 24 அன்றுதான், பெரிய சண்டை எதுவும் தொடங்காத நிலையில், கசினோவுக்குத் தெற்கே மின்யானோவில் சுப்பிரமணியன் கண்ணி அகற்றும் குழுவை நடத்திச் சென்றார். கண்ணி கண்டறியும் கருவியுடன் அவர் முன்னே போக, மற்றவர்கள் பின்னே வந்தார்கள். பின்னால் வந்த ஒரு லான்ஸ் நாயக்கின் கால் கண்ணியில் பட்டது. சிறிய வெடிச்சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தின் பொருள் சாப்பருக்குத்தான் தெரியும். ஜெர்மானியரின் ‘எஸ் மைன்’ வகைக் கண்ணி மிதித்தவுடன் வெடிப்பதில்லை. ஏறத்தாழ நான்கு விநாடி கழித்து, மண்ணுக்குள்ளிருந்து இடுப்பளவு உயரத்துக்குத் தாவி எழும். பிறகே வெடித்து, சுமார் 360 எஃகுக் குண்டுகளை நாலாபுறமும் சிதறடிக்கும். நின்றுகொண்டிருப்பவர்கள் தப்புவது அரிது. விலகித் தரையோடு தரையாகப் படுப்பவருக்குப் பிழைக்க வழி உண்டு.

அந்த வழி சுப்பிரமணியனுக்கும் இருந்தது. அவர் கண்ணியை நோக்கிப் பாய்ந்து அதன் மேல் விழுந்தார். வெடியின் வேகம் முழுவதையும் அவர் உடல் வாங்கிக்கொண்டது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. திகைப்பில் செய்த செயலாக இதைச் சொல்லிவிட முடியாது. நான்கு விநாடி இருக்கிறது, அதற்குள் என்ன செய்யலாம் என்பதெல்லாம் அவருடைய தொழில் கற்றுக்கொடுத்த அறிவு. அந்த அறிவோடுதான் விழுந்தார்.

விருது அறிவிப்பு 1944 ஜூன் 30 அன்று வெளியானது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940 செப்டம்பரில் நிறுவிய ஜார்ஜ் கிராஸ், விக்டோரியா கிராஸுக்கு நிகரானது. எதிரிக்கு நேருக்கு நேர் நின்று காட்டிய வீரத்துக்கு விக்டோரியா கிராஸ், மற்றச் சூழல்களில் காட்டிய வீரத்துக்கு ஜார்ஜ் கிராஸ். வெள்ளிச் சிலுவை, கருநீல நாடா, நடுவே டிராகனை வீழ்த்தும் புனித ஜார்ஜ்.

இவரைப் போல் போருக்குப் போன பெரும்பாலோர் வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சினார்கள். வட ஆற்காடு, சேலம் போன்ற மாவட்டங்கள் பல தலைமுறையாகப் படைக்கு ஆள் கொடுத்தவை. வேலூர் அருகே கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் சென்றனர், 14 பேர் உயிர்நீத்தனர் என்று அந்நகர மணிக்கூண்டின் கல்வெட்டு சொல்கிறது. இத்தாலியின் சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறையில், மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் தனி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.