அமானிதமும் ஊர்க்கணக்கும்: உத்திரமேரூர் முதல் பொழிச்சலூர் வரை

தெருவிளக்கு எரிய வேண்டும். குழாயில் குடிநீர் வர வேண்டும். கழிவுநீர் தேங்காமல் ஓட வேண்டும். இறந்தவரை அடக்கம் செய்ய இடம் வேண்டும். ஒரு சிற்றூராட்சியின் அன்றாடப் பணிகள் பெரும்பாலும் இவையே. இவற்றில் பெருமை பேசத்தக்கது எதுவுமில்லை எனச் சிலர் எண்ணலாம். ஆனால் பொதுமக்களின் பணமும் பொதுமக்களின் உரிமையும் கலந்திருக்கும் எந்தப் பணியும் மார்க்கத்தின் பார்வையில் அமானிதமாகும். அமானிதம் என்றால் அதற்குக் கேள்வி கணக்கு உண்டு.

பொழிச்சலூர், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் அடையாற்றுக்கும் அருகில் அமைந்த ஊர். அதன் அண்டை ஊர்களான பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் ஆகியவை 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுள் சேர்ந்தன. பொழிச்சலூர் அப்போதும் புனித தோமையார்மலை ஒன்றியத்தின் கீழ் ஒரு சிற்றூராட்சியாகவே நின்றது. மாநகரின் நெருக்கமும் சிற்றூராட்சியின் சிறிய அலுவலகமும் ஒருங்கே அமைந்த ஊர் இது. இத்தகைய ஊரில் வாழும் நாம், உள்ளாட்சி என்பது எங்கிருந்து வந்தது, அதில் நம் பொறுப்பு யாது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

உத்திரமேரூரின் ஓலைகள்

நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டம் என ஒரே பெயரில் வழங்கிய நிலப்பரப்பில்தான் பொழிச்சலூரும் இருந்தது, உத்திரமேரூரும் இருந்தது. அந்த உத்திரமேரூரின் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. முதலாவது கி.பி. 919ஆம் ஆண்டையும், அடுத்தது 921ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. ஊர்ச்சபை முதலில் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தி எழுதியது என்பது இவற்றால் தெரிகிறது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். அவ்வாறு தேர்வானவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் செல்வர். பதவி 360 நாள்களுக்கு மட்டுமே. அண்மைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது.

இவற்றினும் கருதத்தக்க விதி ஒன்று உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் இடலாகாது. கணக்கை மறைத்தவரின் வீட்டார் வழியாக அதே பதவி திரும்பிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் தெரிகிறது.

ஆயினும் அந்தச் சபையை அளவுக்கு மீறிப் புகழ்வதும் நேர்மையாகாது. அது அந்தணர் ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அங்கு இடம் இருந்தது. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. கணக்குக் கேட்கும் ஒழுக்கத்தை அதனிடமிருந்து கொள்வோம். அதன் குறுகிய வாசலை விட்டுவிடுவோம்.

மதீனாவும் பக்தாதும்

உத்திரமேரூருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மதீனாவில் இந்தக் கேள்வி எழுந்தது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொது நிதிக்கென ஒப்படைத்து, மறு பகுதி தமக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி இதைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே பேசினார்கள். அந்த மனிதர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய வினாவின் பொருள். பதவியின் பொருட்டு வரும் பரிசு பரிசன்று என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களது சொத்தைக் குறித்து வைத்துக்கொண்டார்கள் என்றும், பதவிக் காலத்தில் காரணமின்றிப் பெருகியதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள் தம் ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ நூலில் ஹிஸ்பா என்னும் பொதுக் கண்காணிப்புப் பணியை விரிவாக ஆராய்கின்றார். ஓர் ஊரின் நீர்வழி பழுதடைந்தால், மதில் இடிந்தால், பள்ளிவாசல் சிதைந்தால் யார் செய்வது? பைத்துல்மாலில் பொருள் இருந்தால் அதிலிருந்து செய்ய வேண்டும். இல்லையேல் ஊரில் வசதி படைத்தோர் அனைவர் மீதும் அந்தக் கடமை சாரும் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். உத்திரமேரூரில் ஏரி வாரியம் கவனித்த அதே நீரைப் பற்றித்தான் பக்தாதின் பேரறிஞரும் சிந்தித்தார். மொழியும் மதமும் வேறாயினும் ஊர் என்றால் முதலில் நீர். நீர் என்றால் அடுத்துப் பொறுப்பு.

கம்பெனி முதல் அரசமைப்பு வரை

1763இல் ஆர்க்காடு நவாப் முஹம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு அச்சீமையில் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். கணக்கர், தலையாரி, தச்சர், வண்ணார், நாவிதர் முதலியோர்க்கு விளைச்சலில் பங்கு ஒதுக்கப்பட்டிருந்ததை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. ஊரின் பணிக்கு ஊரின் விளைச்சலிலிருந்தே பொருள் கிடைத்தது. கம்பெனி ஆட்சி வலுப்பெற்றபின் இந்த ஏற்பாடு தளர்ந்து, வருவாய் மேலிடம் நோக்கிச் சென்றது.

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானமும், 1884ஆம் ஆண்டு மதராஸ் உள்ளாட்சி வாரியச் சட்டமும் உள்ளாட்சிக்குப் புதிய வடிவம் தந்தன. 1920இலும் 1958இலும் ஊராட்சிச் சட்டங்கள் வந்தன. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டியதே 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். சாலை, விளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர், இடுகாடு சுடுகாடு ஆகியவற்றை ஊராட்சியின் கட்டாயக் கடமைகளாக அதன் 110ஆம் பிரிவு வைக்கிறது. நம் அடக்கத்தலம் குறித்த பேச்சும் அந்தச் சிறிய அலுவலகத்தின் வாசலில்தான் தொடங்குகிறது.

ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பது நடைமுறை. ஒருவர் கையில் மட்டும் பணம் நிற்கலாகாது என்பதே இதன் நோக்கம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) வணக்கத்தைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. எழுதுவதும் சாட்சி கொள்வதும் நம்பிக்கையின்மையின் அடையாளம் அல்ல. நம்பிக்கையைக் காக்கும் வேலி.

முந்நூறு பேர்

உத்திரமேரூரில் இல்லாத ஒன்று இன்று நம்மிடம் இருக்கிறது. அதுவே கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஆண், பெண் அனைவரும் அதன் உறுப்பினர்கள். குடத்தில் ஓலை விழக் காத்திருக்க வேண்டியதில்லை. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

மக்கள் தொகை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சியில் கிராம சபைக்கு 300 பேர் வர வேண்டும் என்பது விதி. பொழிச்சலூர் அத்தகைய ஊரே. ஒரு நடுத்தரப் பள்ளிவாசலின் ஜும்ஆவில் கூடுவோரின் எண்ணிக்கைதான் இது. ஜும்ஆவுக்கு நேரம் தவறாமல் வரும் நாம், நம் தெருவின் நீரையும் வடிகாலையும் பேசும் அவைக்கு ஏன் வருவதில்லை? 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது வெள்ளம் எந்த வீட்டின் மதத்தையும் கேட்கவில்லை. வடிகாலின் கணக்கைக் கேட்பது அனைவரின் பொருட்டும் கேட்பதாகும்.

நாளை ஓர் ஊராட்சி மாநகராட்சியோடு இணையலாம். அப்போது கிராம சபை இராது. பகுதி சபை வரும். பெயர் மாறினும் கடமை மாறாது. நம் மஹல்லா ஜமாஅத்தின் வரவு செலவையும் ஆண்டுதோறும் எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டும் பழக்கத்தை முதலில் உறுதி செய்வோம். தம் கணக்கைத் திறந்து வைத்தவர் கேட்கும் கேள்விக்கே ஊரில் மதிப்புண்டு.

இவ்வுலகில் கணக்குக் காட்டத் தயங்காதவர்க்கு மறுமையின் கணக்கை வல்ல அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக! நம் ஊர்களின் பொறுப்பைச் சுமப்போர்க்கு நேர்மையையும், நமக்கு அவர்களோடு தோள் கொடுக்கும் மனத்தையும் அருள்வானாக! ஆமீன்.