மணல்மேட்டில் ஒரு கலைக்குடி

1966ஆம் ஆண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் ஓவியரும் சிற்பியரும் சிலர் கூடிச் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை நிறுவினர். அவர்தம் வழிகாட்டி, சென்னை அரசு கலைப்பள்ளியின் முதல்வராய்ப் பணியாற்றிய கே.சி.எஸ். பணிக்கர்.

நவீன ஓவியத்தை வாங்குவோர் அன்று அரியர். தூரிகையை மட்டும் நம்பினால் அடுப்பில் உலை ஏறாது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேடினாலோ தூரிகை உலர்ந்துவிடும். இவ்விக்கட்டுக்கு அவர்கள் கண்ட வழி கைவினை. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலியவற்றைச் செய்து விற்றனர், அவ்வருவாயே நிலமாயிற்று. ஓவியத்தைச் சந்தையின் விருப்பத்துக்கு வளைக்க வேண்டிய தேவையும் குறைந்தது. கைத்தொழிலைக் கலைக்குக் கீழே அமர்த்தும் நம் வழக்கம் இங்கே சற்று நாண வேண்டும்.

பணிக்கர் 1977இல் மறைந்தார். 2011இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. நகரம் அம்மணலைத் தேடி வந்துவிட்டது.