தோட்டத்தில் பாம்பைக் கண்டால்: நிபோங் திபால் வட்டாரத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

ஆப்பிரிக்காவின் மாசாய் மாராவுக்கு சஃபாரி போகிறவர்களிடம் வழிகாட்டி முதலில் சொல்வது, வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்பதுதான். நிபோங் திபால் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கும், உதிர்ந்த பழம் பொறுக்கும் பெண்ணுக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுக்கு விலங்கு நடமாடும் இடத்தில்தான் வேலை. சிங்கமும் யானையும் இங்கில்லை. இங்கு உயிருக்கு ஆபத்தாக வருவது பெரும்பாலும் பாம்புதான்.

செம்பனைத் தோட்டத்திற்குப் பாம்பை அழைத்து வருவது எலி. பழம் தின்ன எலி வருகிறது, எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் வருகின்றன. பல தோட்டங்களில் ஆந்தைக் கூண்டுகள் வைத்திருப்பதும் எலியைக் குறைக்கத்தான். வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கி வைப்பதால் பாம்புக்கு நிழலும் ஈரமும் அங்கேயே கிடைத்துவிடுகின்றன. ஆகவே மட்டைக் குவியலுக்குள் கையை விடக்கூடாது. முதலில் நீளமான கோலால் தட்டி, சற்று நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் புழுக்கமாக இருக்கும் என்று பலர் ஜப்பான் செருப்போடு வேலைக்குப் போகிறார்கள். பாம்புக்கடி அதிகம் விழுவது பாதத்திலும் கணுக்காலிலும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

மலேசியாவின் வடபகுதியில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, மலாய்க்காரர்கள் ‘ஊலார் காப்பாக் போடோ’ என்று அழைக்கும் விரியன் வகை. ‘போடோ’ என்றால் முட்டாள். ஆள் வந்தாலும் நகராமல் கிடப்பதால் அந்தப் பெயர். காய்ந்த இலையின் நிறத்தில் சுருண்டு கிடக்கும். கடித்த பிறகும் பல நேரங்களில் அதே இடத்திலேயே இருக்கும் என்பதால், ஓடிவந்து உதவுகிறவரும் கடிபடக்கூடும். இதன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். கடிபட்ட இடம் வீங்கும், ஈறுகளில் இரத்தம் கசியலாம்.

நாகத்தின் கதை வேறு. இங்குள்ள ஒரு வகை நாகம் விஷத்தைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும். கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடமாவது விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த வட்டாரத்துப் பாம்புக்கடியைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்தவற்றில் பெரும்பங்கு பினாங்கிலிருந்தே வந்தது. 1950-களிலும் 60-களிலும் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், விரியன் கடித்து வந்த தோட்டத் தொழிலாளர்களையும் கடல்பாம்பு கடித்து வந்த மீனவர்களையும் நேரில் கவனித்து ஆய்வுகள் எழுதினார். கடிபட்ட பலருக்கு விஷம் சிறிதளவே ஏறியிருந்தது, அல்லது ஏறவே இல்லை என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. மந்திரித்தும் விஷக்கல் வைத்தும் குணமானது என்று சொல்லப்படும் பல கதைகளுக்கு விளக்கம் இதுதான். விஷம் நன்றாக ஏறியவருக்கு அங்கே கழியும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்.

கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்திருக்க வேண்டும். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. இறுக்கிய கட்டால் விரலோ காலோ அழுகிப் போகலாம். அவரையே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகவும் விடக்கூடாது; காரில் கொண்டு போகலாம், இல்லையேல் 999-ஐ அழைக்கலாம்.

பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். மலேசிய மருத்துவமனைகள் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்துகளில் பல, தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிப்பவை. அவற்றில் நாகத்திற்கு ஒன்று, விரியனுக்கு வேறொன்று. எந்தப் பாம்பு என்பது தெரிந்தால் மருத்துவருக்குத் தேர்வு எளிதாகும்.

மலைப்பாம்புக்கு விஷமில்லை, ஆனால் அதைப் பிடித்துக் கழுத்தில் போட்டுப் படமெடுப்பது விளையாட்டல்ல. அது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கும்கூட. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் கதவைச் சாத்திவிட்டு, பொதுத் தற்காப்புப் படையையோ தீயணைப்பு மீட்புத் துறையையோ அழைக்கலாம்.

பாம்பைத் தவிர, கிரியான் ஆற்றில் அவ்வப்போது முதலை தென்படுவதும் உண்டு. அந்தி நேரத்தில் கரையோரம் இறங்கி மீன் கழுவுவதும் தூண்டில் போடுவதும் வேண்டாம். குட்டிகளோடு போகும் காட்டுப்பன்றிக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு கிளினிக்குக்குப் போக வேண்டும்.

நிபோங் திபாலில் இருப்பவர்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை சுங்கை பக்காப்பில் உள்ளது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேராக்கில் பாரிட் புந்தார் மருத்துவமனை இருக்கிறது. மாநில எல்லையைப் பார்க்காமல், எது கிட்டமோ அங்கே போகலாம்.