நாலு இஞ்ச்: லாரியின் பின்சீட்டு உயர்ந்த கதை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையோரம், சீட்டு வேலை செய்கிற ஒரு பட்டறை வாசலில் அரை மணி நேரம் நிற்க வேண்டி வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பட்டறைக்குள் ஒரு லாரி. அதன் கேபினில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் நீள சீட்டைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். அது உட்கார்ந்திருந்த சட்டத்தின் மேல் ஆசாரி ஒருவர் புதிதாக மரத்துண்டுகளை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். சீட்டு உடைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"சீட்டுக்கு ஒண்ணுமில்ல சார். டிரைவர் பெரிய பாக்ஸ் கேக்குறாரு. அது கீழ உக்கார மாட்டேங்குது. அதான் நாலு இஞ்ச் தூக்குறோம்."

பாக்ஸ் என்றால் ஸ்பீக்கர் பாக்ஸ். அந்த நாலு இஞ்ச் மனதில் ஒட்டிக்கொண்டது. பஸ் வந்தும் ஏறாமல் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஒரு பலகையை நாலு இஞ்ச் தூக்குவதற்குப் பின்னால் என்னென்ன வரலாறு இருக்கிறது என்று எடுத்த குறிப்புகள்தான் இவை.

முதல் கேள்வி: கேபினில் கை வைக்க எப்படி முடிந்தது?

ஒரு காரின் சீட்டை யாரும் இப்படிச் சாதாரணமாகத் தூக்க மாட்டார்கள். லாரிக்கு மட்டும் ஏன் அந்தத் தைரியம்? காரணம், நம் ஊர் லாரி பிறந்த விதம்.

1948-இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. வடக்கே டெல்கோ, 1954-இல் ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு இந்தக் கம்பெனிகளிடமிருந்து பெரும்பாலும் வெளியே வந்தது முழு லாரி அல்ல. சேசிஸ், இன்ஜின், முன்பக்க முகப்பு, ஸ்டியரிங். அவ்வளவுதான். தலைக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றில் உட்கார்ந்தபடி அந்த சேசிஸை ஓட்டிப் போகும் டிரைவர்களை ஜி.எஸ்.டி. ரோட்டில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கேபினும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு மாதிரியான ஊர்களில் கட்டப்பட்டன. மரச் சட்டம், தகடு, ஆணி, பெயின்ட். பின்சீட்டின் உயரத்தை ஆசாரியும் ஓனரும் பேசி முடிவு செய்தார்கள். அடியில் ஜாக்கி, கயிறு, ஸ்பேனர், ஸ்டவ், தண்ணி கேன் எல்லாம் போக வேண்டும். மேலே ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அந்தப் பலகை நின்றது. மனுஷன் வைத்த பலகையை மனுஷன் மாற்றலாம். பட்டறை ஆசாரியின் கையில் இருந்தது அந்த நினைப்புதான்.

பாட்டு வண்டிக்குள் ஏறியது

ஓடும் வண்டியில் பாட்டு என்பது அமெரிக்காவில் 1930-இல் வியாபாரமானது. கால்வின் சகோதரர்கள் காருக்கான ரேடியோவை விற்க ஆரம்பித்து, மோட்டார் என்ற சொல்லோடு 'ஓலா' சேர்த்து மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். வால்வு ரேடியோ அது. பாட்டரியை நன்றாகவே குடிக்கும். டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

நம் லாரிக்கு உண்மையான மாற்றம் கேசட்டில் வந்தது. பிலிப்ஸ் அதை 1963-இல் அறிமுகம் செய்தது. நம் ஊரில் அது வீதிக்கு வர எண்பதுகள் ஆயிற்று. குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் 1983-இல் தொடங்கி, கேசட்டின் விலையைச் சாதாரண ஆள் கை நீட்டும் அளவுக்குக் கொண்டுவந்தது. அதைவிட முக்கியம் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள். ஒரு வெள்ளைத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், 60 அல்லது 90 நிமிஷ கேசட்டில் பதிந்து தருவார்கள். ரேடியோ என்ன போடுகிறதோ அதைக் கேட்பது போய், எனக்கு வேண்டியதை எனக்கு வேண்டிய வரிசையில் கேட்பது அப்போதுதான் வந்தது.

அதே காலத்தில் பாட்டே மாறிக்கொண்டிருந்தது. 1976-இல் 'அன்னக்கிளி' வழியாக வந்த இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்கு நிற்காது. அது தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு கீழ் ஸ்தாயி இன்னும் தெளிவாக, இன்னும் கனமாக ஆனது. சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பாட்டில் பாதி காணாமல் போய்விடுகிறது என்பது டீக்கடையில் நிற்பவருக்கே தெரிந்துபோனது. அப்போது டீக்கடைகளில் மண்பானைக்குள் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டுக்குச் செய்ததில்லை அது. ஸ்பீக்கருக்குப் பின்னால் அடைபட்ட காற்று வேண்டும் என்பதை யாரோ கையால் கண்டுபிடித்திருந்தார்கள்.

குழாயும் பெட்டியும்

விழுப்புரம் மாவட்டத்துக்குச் சத்தம் புதிது கிடையாது. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நாள் கணக்கில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி விடிய விடியக் கூத்து நடக்கும். ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய பெரிய நூலுக்கு இந்த வட்டாரம்தான் தொடக்கப் புள்ளி. கட்டைத் தொண்டையில் ஊர் முழுக்கக் கேட்கப் பாடிய அந்தக் கலைஞர்களுக்கு முன்னால் பிறகு மைக் வந்தது, பந்தலுக்கு மேல் குழாய் ஸ்பீக்கர் வந்தது.

அந்தக் குழாயின் முன்னோர் 1915-இல் கலிபோர்னியாவில் ஜென்சனும் பிரிதமும் செய்த கருவி. மேக்னவாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் பெருங்குரல். 1919-இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோவில் பெருங்கூட்டத்துக்கு முன் அதில்தான் பேசினார்.

குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. குரலை வெகுதூரம் கொண்டுபோகும், ஆனால் அடிச்சத்தம் வராது. அதன் வாய் அவ்வளவு பெரிதில்லை. பெட்டி ஸ்பீக்கர் இதற்கு நேர் எதிர். அதற்கு அடிச்சத்தம் வரும், பக்கத்தில் இருப்பவன் நெஞ்சில் அதிரும். குழாய் ஊருக்கு, பெட்டி உள்ளே இருப்பவனுக்கு. சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும், 2005 ஜூலை 18-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியை நிறுத்தின. லாரி டிரைவருக்குப் பாட்டு வேண்டியது அதே எட்டு மணி நேரத்தில்தான்.

சரி, நாலு இஞ்ச் ஏன்?

ஆசாரியிடம் அளவு கேட்டேன். பெட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். சீட்டுக்கு அடியில் இருந்த உயரம் 10 இஞ்ச். முக்கால் இஞ்ச் பிளைவுட். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பலகையின் கனம் போக உள்ளே கிடைக்கும் காற்று சுமார் 79 லிட்டர். நாலு இஞ்ச் தூக்கினால் சுமார் 117 லிட்டர்.

காற்றின் அளவு ஏன் முக்கியம்? இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படையை ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-இல் வகுத்தார்கள். காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே ஒரு அலை எழும். பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், முதலில் சாவது அடிச்சத்தம். பெட்டியில் அடைத்தால் அந்தக் காற்றே ஒரு ஸ்பிரிங் மாதிரி கூம்பைத் திருப்பித் தள்ளும். 1954-இல் எட்கர் வில்சர் இந்தக் காற்று ஸ்பிரிங்கையே வேலைக்கு வைத்துச் சின்னப் பெட்டியில் நல்ல அடிச்சத்தம் கொண்டுவந்தார். 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால், பெட்டிக் கணக்கைச் சூத்திரமாக்கினார்கள். ஹாஃப்மன் பெயரில் ஒரு விதியே உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான அடிச்சத்தம், குறைந்த மின்சாரத்தில் நிறைய ஒலி. மூன்றில் இரண்டுதான் கிடைக்கும்.

லாரியில் மின்சாரமும் தாராளம் இல்லை. லாரிக்கு 24 வோல்ட், கடையில் விற்கிற செட்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட். கன்வெர்ட்டர் வாங்காமல் இரண்டு பாட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பாட்டரி சீக்கிரம் செத்துப்போகும். ஆக, பெட்டியைப் பெரிதாக்குவதுதான் கையில் இருக்கும் வழி.

இப்போது ஒரு வேடிக்கை. மூடிய பெட்டிக்கான சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டுப் பார்த்தேன். தனியாக 35 ஹெர்ட்ஸில் அதிர்கிற, 100 லிட்டர் காற்றுக்குச் சமமான நெகிழ்ச்சி உள்ள ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். 79 லிட்டரில் அதன் அதிர்வு சுமார் 53 ஹெர்ட்ஸுக்கு ஏறும். 117 லிட்டரில் சுமார் 48. வித்தியாசம் 5 ஹெர்ட்ஸ். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை கூட இல்லை. இதற்கா இவ்வளவு பாடு?

இல்லை. உண்மையான காரணம் இன்னும் எளிமையானது. 10 இஞ்ச் உயரப் பெட்டியின் முகத்தில் 12 இஞ்ச் ஸ்பீக்கர் நிற்கவே நிற்காது, 8 இஞ்ச்தான் மாட்டலாம். 14 இஞ்ச் ஆக்கினால் 12 நிற்கும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் கூம்பின் பரப்பு இரண்டேகால் மடங்கு. தள்ளும் காற்று அவ்வளவு கூடும். ஆசாரி ஒரே வரியில் சொன்னது இதைத்தான்: கீழே உட்கார மாட்டேங்குது.

யாருடைய நாலு இஞ்ச்?

டிரைவரிடம் ஓனர் காசு கொடுக்கிறாரா என்று கேட்டேன். சிரித்தார். "ஓனர் எதுக்கு சார் குடுப்பாரு? என் பேட்டா காசு. விழுப்புரம் தாண்டுனா உளுந்தூர்பேட்டை வரைக்கும் கண்ணு அமுக்கும். பாட்டு நெஞ்சுல அடிச்சாத்தான் முழிப்பு நிக்கும்."

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் குறித்துக்கொண்டேன். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தூரப் பயணத்துக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தது, 10 மணி வரை. அந்த வரம்பு நடைமுறையில் இருந்தால் அந்த மனுஷனுக்குத் தேவை தூக்கம். ஸ்பீக்கர் தேவைப்படாது. தூக்கம் கிடைக்காத இடத்தை 12 இஞ்ச் காகிதக் கூம்பு நிரப்பப் பார்க்கிறது. தூக்கத்தைப் பாட்டு தள்ளிப்போடலாம், தீர்க்க முடியாது.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. அந்த நாலு இஞ்ச் எங்கிருந்து வந்தது? கூரை அதே இடத்தில்தான் இருக்கிறது. சீட்டு ஏறினால், அதன் மேல் உட்காருபவனின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடம் போகிறது. அங்கே உட்காருவதும் படுப்பதும் பெரும்பாலும் க்ளீனர். பாட்டு டிரைவருக்கு முழிப்பு. அதே பாட்டு க்ளீனரின் முதுகுக்கு அடியில்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், கம்பெனி வகுத்த அமைப்பை மீறிய மாற்றம் செல்லாது என்று கறாராகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் வைத்தது. ஆர்.சி.யில் சீட்டு எத்தனை என்று இருக்கும்; சீட்டு எத்தனை உயரம் என்று இருக்காது. ஆசாரியின் உலகம் அந்தச் சந்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் எவ்வளவு நாளோ. இப்போது கம்பெனி கேபின்கள்தான் பெருகி வருகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். கம்பெனி அச்சில் வார்த்த பெர்த்தை மரத்துண்டு வைத்துத் தூக்க முடியாது.

நான் கிளம்பும் நேரம் சீட்டை மேலே வைத்துப் பார்த்தார்கள். ஆசாரி, க்ளீனர் பையனைக் கூப்பிட்டு, "ஏறிப் படுத்துப் பாருடா" என்றார். அவன் படுத்தான். டிரைவர் பாட்டைப் போட்டார். பையன் ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, "பாட்டு சூப்பரா இருக்குண்ணே, ஆனா முதுகுல குத்துது" என்றான்.

ஆசாரி எதுவும் பேசாமல் உள்ளே போய், ரெண்டு இஞ்ச் ஃபோம் ஒன்றை எடுத்து வந்து மேலே வைத்து அளந்தார். காசு யார் கொடுப்பது என்று பேச்சு வந்தது. கடைசியில் டிரைவரே சரி என்றார்.

சீட்டு உயர்ந்தது நாலு இஞ்ச் இல்லை, ஆறு. பையனின் தலை இன்னும் ரெண்டு இஞ்ச் கூரையை நெருங்கியது. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.